ஆரஞ்சு மிதவை

கட்டியிருப்பார்களா, போட்டிருப்பார்களா... கட்டியிருந்தால் மிதவை, போட்டிருந்தால் நங்கூரம், இரண்டில் ஒன்று காலையிலேயே நடந்து முடிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாது, முருடேஸ்வரத்துத் தீவுக்குப் பக்கத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது, படகு கரைக்குத் திரும்பினால்தான் எனக்கு முக்குளிக்கச் சொல்லிக்கொடுத்த பழனிமுத்து கூப்பிடுவான், கரைக்குத் திரும்புகிற நேரம் இதுதான், இந்த நேரம் பார்த்துத்தான் என்னை அக்ரஹாரத்துச் சத்திரத்தில் வாழை இலைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். மடியில் கைப்பை, கைப்பைக்குள் போன், போனின் வாயைக் கட்டிவிட்டேன், அதிர மட்டும் விட்டிருக்கிறேன். இலையில் கோசம்பரி விழுகிறது, பின்னாலேயே புளியோதரை வருகிறது, மேல்கோட்டைப் பக்குவம், வாசனை ஆளைத் தூக்குகிறது, ஆனாலும் மனசு இலையில் இல்லை. என் நாத்தனார் யதுகிரியின் பெண் மேதாவுக்கு இன்று வளைகாப்பு. முழங்கை வரை கண்ணாடி வளையலோடு முதல் இலையில் உட்கார்ந்திருக்கிறாள், கையைத் தூக்கினால் கலகல, இறக்கினால் கலகல, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறாள், சந்தோஷம்தான், யார் இல்லையென்றது, ஆனால் வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இருக்க இந்த ஞாயிற்றுக்கிழமைதானா கிடைத்தது? கேட்டால் யதுகிரி பஞ்சாங்கத்தைக் காட்டுவாள். கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, மழைக்காலம் முடிந்து படகுகள் முதன்முதலாக இறங்குகிற வாரம் இது என்று நான் அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் இலையை விட்டே எழுப்பிவிடுவாள்.

பக்கத்து இலையில் என் கணவர் கேசவமூர்த்தி. ஓரக்கண்ணால் என் கைப்பையைப் பார்க்கிறார், வந்துதா என்று புருவத்தாலேயே கேட்கிறார், வரலை என்று நானும் புருவத்தாலேயே சொல்கிறேன். அவருக்கும் கவலைதான், காட்டிக்கொள்ள மாட்டார், எல்லாவற்றுக்கும் மூலகாரணமே அவர்தானே. நான் ஆடிட் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆன வருஷம் சிநேகிதிகளோடு முருடேஸ்வரம் போனேன், கோயில் பார்த்தாயிற்று, கோபுரத்தில் ஏறியாயிற்று, ஒரு நாள் மிச்சம் இருந்தது, கரையில் ஒரு பலகை, கடலுக்குள் இறங்கிப் பார்க்கலாம் வாருங்கள் என்று. வேடிக்கையாக அவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். இந்த வயசுல உனக்கெதுக்கு செலுவி அதெல்லாம், என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தச் செலுவம்பா பாட்டுக்கு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு ரயில் ஏறியிருப்பாள். சொல்லிவிட்டார், இறங்கிவிட்டேன். இப்போது மைசூரில் எங்கள் வீட்டுக் கொடியில் என் ரப்பர் உடுப்பு தொங்கும்போது யாரோ ஆள் தொங்குகிறாற்போல் இருக்கிறது என்று எதிர்வீட்டில் பயப்படுகிறார்கள், அதை அலசிக் காயப்போடுவது யார் என்கிறீர்கள், இதோ பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிறாரே, இவர்தான்.

முதல் தடவை கீழே போனபோது எனக்கு ஒரே சிரிப்பு, வாயில் குழாயை வைத்துக்கொண்டு சிரித்தால் தண்ணீர் உள்ளே போகும் என்று பழனிமுத்து சைகையில் மிரட்டினான், ஆனாலும் சிரிப்பு. மீன் வாசனை வந்தால் தெருவையே மாற்றிக்கொண்டு நடக்கிற குடும்பம் எங்களுடையது, அந்த மீன்கள் என் முகக்கண்ணாடி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன, இவளால் நமக்கு ஆபத்தில்லை என்று எப்படித்தான் தெரிந்ததோ. அப்புறம் ஆனையைக் காட்டினான். ஆனை என்று பேர் வைத்தது நான், அவனுக்கு அது வெறும் பெரிய பாறை. பாறை இல்லை, பவளம், உயிருள்ளது, ஒரு ஆட்டோவை விடப் பெரியது, சாம்பல் நிறம், உச்சியில் மட்டும் மஞ்சளும் ஊதாவுமாகக் கிளைக் கிளையாக வேறு பவளங்கள், தசரா ஊர்வலத்தில் அம்பாரி சுமந்து வருகிறதே அதே மாதிரி. வருஷத்துக்கு ஒரு விரல்நகம் அகலம்தான் வளருமாம். அப்படியானால் இந்த அளவு வர எத்தனை காலம் ஆகியிருக்கும்... மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன், நம்ம அரண்மனையைக் கட்ட முதல் கல் வைப்பதற்கு முன்பே இது அங்கே உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது, அப்படியே மிதந்துகொண்டிருந்தேன்.

"மாமி, பருப்பு சாதிக்கட்டுமா?" பரிமாறுகிறவர் கரண்டியோடு நிற்கிறார். சாதிங்கோ சாதிங்கோ, ஸ்வல்ப, போதும்... நெய் வருகிறது, வரட்டும். என்ன யோசித்துக்கொண்டிருந்தேன், ஆனை. போன சீசன் கடைசியில் நானும் பழனிமுத்தும் ஆனைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் மேலே இன்னொரு படகு வந்து நின்றது, நிழல் விழுந்தது, ஏதோ கறுப்பாக இறங்குகிறதே என்று பார்க்கிறேன், நங்கூரம். அம்பாரியின் மேலேயே விழுந்தது. கண்ணாடிச் சாமான் உடைகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று நினைப்போம், அதுகூட இல்லை, மொறுக் என்று சின்னதாக, இப்போது இவர் அப்பளத்தை நொறுக்கினாரே அந்த மாதிரி. விழுந்ததோடு விட்டால் பரவாயில்லை, மேலே படகு காற்றுக்கு ஆட ஆட, கீழே சங்கிலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடுகிறது, பெருக்குகிறது, துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுகிறது. புகை மாதிரி தூள் எழும்பி அடங்கியபோது ஆனையின் முதுகில் வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. அந்தப் படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது, மேலேயிருந்து பார்த்தால் அங்கேதான் ஆழம் குறைச்சல், நங்கூரம் நன்றாகப் பிடிக்கும், அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிடித்ததா இல்லையா என்பதுதான். நம்ம படகும் அத்தனை வருஷமாக அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தது. மேலே ஏறினதும் நான் பிடித்துக்கொண்டேன். ஆடிட்டில் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்று எனக்கு ஏற்கெனவே பேர் உண்டு, ஒருத்தருக்கும் என்னைக் கண்டால் ஆகாது, அந்தப் பேரைக் கடலிலும் சம்பாதித்துக்கொண்டேன். படகு முதலாளிக்கு மைசூரிலிருந்து விடாமல் போன், மழைக்காலம் முழுக்க. கடைசியில் மனுஷர் என் தொல்லை தாங்காமல்தான் சரி என்றார் என்று நினைக்கிறேன். பெரிய காங்கிரீட் கல், அதை ஆனைக்குப் பக்கத்து மணலில் இறக்கி, அதிலிருந்து கயிறு, கயிறு தரையில் புரளாமல் இருக்க நடுவில் ஒரு சின்ன மிதவை, மேலே தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய மிதவை. வருகிற படகு அதில் கட்டிக்கொண்டால் போதும், நங்கூரத்துக்கு வேலையே இல்லை. சொல்ல எவ்வளவு சுலபம்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன் மேடம், என்றார் கன்னடத்தில், ரொம்ப மரியாதையாக, சரிப்பட்டு வந்தால் மிதவை, கயிறு வழுக்கினாலோ படகு நகர்ந்தாலோ பழையபடி நங்கூரம், அதற்கப்புறம் இந்தப் பேச்சே நமக்குள் வரக்கூடாது. சரி என்றேன், வேறென்ன சொல்வது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இன்று. இது போதாதென்று நேற்று ராத்திரி பழனிமுத்து புதுசாக ஒன்று சொல்கிறான். ஆயுதபூஜைக்குப் படகில் நங்கூரத்துக்கும் பூஜை போட்டார்களாம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, மாலை போட்டு. பூஜை போட்ட ஆயுதத்தை முதல் நாள் தொழிலில் தொடாமல் விடக்கூடாதாம், நங்கூரம் கடலில் இறங்கியே ஆக வேண்டுமாம், படகில் வேலை செய்கிறவர்கள் ஒரே பிடிவாதம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னத்தைச் சொல்ல, என் ஸ்கூட்டருக்கே நான் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் மண்டி மொஹல்லா வரை ஓட்டிப்போனேன், நான் போய் அவர்களிடம் சாஸ்திரமெல்லாம் எதற்கு என்று கேட்க முடியுமா? முடியாது. பாத்துக்கறேன்க்கா, நீங்க நிம்மதியா விசேஷத்துக்குப் போயிட்டு வாங்க, என்றான். நிம்மதியாக எங்கே போவது, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், அங்கே ஆனை தலைமேல் என்ன விழுந்ததோ.

மடியில் அதிர்கிறது. அவன்தான், வேறு யார்... வலது கை முழுக்க ரசம், எங்கள் பேச்சில் சாத்தமுது, இடது கையால் கைப்பையைத் திறக்கலாமா, யதுகிரி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், சாப்பிடுகிற இடத்தில் போனை எடுத்தால் அவள் மடி ஆசாரமெல்லாம் இப்போதுதான் விழித்துக்கொள்ளும். எழுந்து போகலாம் என்றால் அதைவிடப் பாவம், பந்தியில் பாதியில் எழுந்தால் மொத்த வரிசையையும் எழுப்பின மாதிரி, வளைகாப்புப் பந்தியில் அபசகுனம் வேறு. எல்லாரும் முடித்து, வயசில் பெரியவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழ வேண்டும். வயசில் பெரியவர் யார், வாசுதேவ் மாமா, மேதாவின் புக்ககத்துப் பெரியவர், கோடி இலை. அவர் இன்னும் புளியோதரையிலேயே இருக்கிறார். ஒவ்வொரு வேர்க்கடலையாக எடுத்து, உருட்டி, பார்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடி... அதிர்வு நின்றுவிட்டது. என்ன சேதியோ. நல்ல சேதியானால் உடனே திரும்பக் கூப்பிடுவான், கெட்ட சேதியானால் கொஞ்சம் தயங்குவான், அவன் குணம் அது. திரும்ப அதிரவில்லையே... ஐயோ மாமா, பாயசத்தை, திருக்கண்ணமுதை, இரண்டாம் தடவை கேட்கிறார், இன்னும் ஸ்வல்ப, இன்னும் ஸ்வல்ப என்று, கேட்டுத் தொலையட்டும், நல்ல மனுஷர், பல் இல்லை.

"மன்னி, ஏன் மூஞ்சி அப்படி இருக்கு, திருக்கண்ணமுதுல ஏலக்காய் ஜாஸ்தியா?" யதுகிரி பரிமாறுகிற இடத்திலிருந்தே கேட்கிறாள். இல்லைடி, ரொம்ப நன்னா இருக்கு, என்கிறேன், வாய் அத்தோடு நிற்க வேண்டியதுதானே, நிற்காது, ஆனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்ய, மனசில் இருப்பதுதானே வாயில் வரும். கடலுக்கு அடியில் ஒரு ஆனை இருக்கு தெரியுமோ என்று தொடங்கினேன், எதிர்வரிசை திரும்பிற்று, அம்பாரியில் நீலமும் மஞ்சளுமாகக் குட்டி மீன்கள் நம்ம கல்யாணங்களில் குழந்தைகள் ஓடுகிற மாதிரி ஓடும் என்றேன், இந்த வரிசை திரும்பிற்று, மூச்சு விட்டால் முத்து முத்தாக மேலே போகும், ஒரு சத்தமும் கிடையாது, யாரும் நம்மை எதுவும் கேட்க மாட்டார்கள் என்றேன், யதுகிரியே கரண்டியோடு நின்றுவிட்டாள். யாரும் எதுவும் கேட்க மாட்டாளா மன்னி, நிஜமாவா, என்றாள். சிரித்துவிட்டேன். மேதா வளையலோடு கையைத் தூக்கி, "குழந்தை பொறந்து ஒரு வயசு ஆகட்டும் மாமி, நான் வரேன், அவரும் வருவார்" என்கிறாள். அவள் மாமியார், நீந்த வேண்டுமா, எனக்கு நீந்தத் தெரியாது, படகிலேயே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்கிறார். எதிரில் இருக்கிற பையன்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், பதினைந்து பேராக வந்தால் சலுகை உண்டா ஆன்ட்டி என்கிறார்கள். எனக்கு ஒரே பெருமை, ஒவ்வொருத்தருக்கும் வாங்கோ, வாங்கோ, நான் ஏற்பாடு பண்ணறேன், பழனிமுத்துன்னு ஒரு பிள்ளை இருக்கான், கொள்ளேகால்காரன், பட்டு நெய்யற வீட்டுப் பிள்ளை, தங்கம், தமிழ்லயே சொல்லிக் கொடுப்பான்... இவர் மட்டும் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். என்னத்துக்குப் பார்க்கிறார், பொறாமையா? இருக்கட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மாமா எழுந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ரங்கா என்று சொல்லிக்கொண்டு, எழுந்தேவிட்டார். நான் எழுந்த வேகத்தில் இலை கூட ஆடியிருக்கும். கை அலம்புகிற இடத்தில் கூட்டம், முழங்கை வரை ஈரம், புடவைத் தலைப்பில் துடைத்தும் துடைக்காமலும் போனை எடுக்கிறேன், ஈர விரலுக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, இவர் வாங்கித் திறந்து, அவனைக் கூப்பிட்டு, என் காதில் வைக்கிறார். ஒரே மணி, எடுத்துவிட்டான்.

"ஏனுங்க்கா, சாப்பாட்டுல இருந்தீங்களா? மிதவையிலதான் கட்டுனமுங்க. கயிறு கொஞ்சங்கூட வழுக்கலை. மொதலாளியே நின்னு பாத்தாரு."

நங்கூரம், பழனி? பூஜை போட்டாளே, நங்கூரம்?

"அதுங்களா, கயித்துல பிடிச்சு மெதுவா எறக்கி, தண்ணியில நனைச்சு, அப்படியே மேல ஏத்திட்டமுங்க. மண்ணைத் தொடலை, கல்லைத் தொடலை. கடலைத் தொட்டாச்சல்லங்க, அவங்களுக்குத் திருப்தி. உப்புத் தண்ணி பட்டும் குங்குமம் கூட முழுசாப் போகலீங்க்கா."

நான் குதித்தேன் என்று அப்புறம் இவர் சொன்னார், எனக்கு ஞாபகமில்லை, ஆனால் கால் தரையில் இல்லாத மாதிரிதான் இருந்தது. நனைத்து எடுத்துவிட்டார்கள், நமக்குத் தோன்றவில்லையே, எவ்வளவு அழகாக... எனக்கு அந்தப் படகில் இருக்கிறவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு இந்தத் திருக்கண்ணமுதைக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. ஆனை தப்பிவிட்டது. சுற்றி நிற்கிறவர்களிடம் சொல்கிறேன், கட்டிட்டா, மிதவையிலேயே கட்டிட்டா, யதுகிரி என்ன ஏது என்று தெரியாமலே என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். பழனிமுத்து இன்னும் பேசுகிறான், கேளுங்க்கா, இன்னும் விசேஷம் இருக்குது என்கிறான், குரலில் அத்தனை குஷி.

"நம்மளைப் பாத்துட்டு மத்த ரெண்டு படகும் வந்து நம்ம மிதவையிலயே கட்டிக்கிட்டாங்க. ஒண்ணு பின்னால ஒண்ணு. ஒருத்தருமே நங்கூரம் போடலைங்க்கா இன்னைக்கு. அடுத்த வாரம் பக்கத்தூருக்காரங்களும் வாரமுன்னு சொல்லியிருக்காங்க. இத்தனை நாளா அலையில நங்கூரம் சரியாப் பிடிக்காதுன்னு பயந்துட்டு அவங்க வரமாட்டாங்க. இப்பக் கட்ட எடமிருக்குதில்லீங்க?"

மூன்று படகா... அந்தக் கல் ஒரு படகுக்கு வார்த்தது. ஒரு படகுக்குத்தான் கணக்கு, நான்தானே போனில் துருவித் துருவிக் கேட்டேன். மூன்று படகு வரிசையாக இழுத்தால்... கீழே கல் எப்படி இருக்கு பழனி, பார்த்தியா?

"கல்லுங்களா... கொஞ்சம் நகந்தாப்பலதான் தெரிஞ்சுதுங்க. ஆளுக கூட்டம், தண்ணி கலங்கிக் கெடந்துச்சு, சரியாத் தெரியலை. காலையில எறங்கிப் பாத்துட்டுச் சொல்றனுங்க்கா. அது ஒண்ணும் ஆவாதுங்க."

எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஒரு பக்கம் வெறும் மணல், இன்னொரு பக்கம் ஆனை, இவன் என்ன சொல்லிவிடுவானோ. மொதலாளி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாருங்க, மிதவைக்கு மைசூர் மேடம் மிதவைன்னே பேரு வெச்சுட்டாங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். எனக்கும் சிரிப்புதான் வந்தது, இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், சந்தோஷம் எங்கேயும் போகவில்லை, ஆனால் அதன் அடியில் ஏதோ லேசாக நகர்ந்தது. நங்கூரத்தை நிறுத்த வேண்டும் என்றுதானே கேட்டேன், நின்றுவிட்டது. ஆட்கள் வரவேண்டும் என்று கேட்டேனா? ஆளுக்கு இரண்டு துடுப்புக் காலும் சின்னப்பிள்ளை ஆசையுமாக, ஆனையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று... கேட்கவில்லையே. கேட்கவில்லையா? அரை மணியாக இந்தச் சத்திரத்தில் உட்கார்ந்து வேறென்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? இவர் அந்த மாதிரி பார்த்தது இதற்குத்தானா, தெரிந்துதான் பார்த்தாரா, தெரிந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, இந்த வயசில் உனக்கெதுக்கு என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

உள்ளே இரண்டாவது பந்திக்கு இலை போடுகிறார்கள். முதல் பந்திக்கு அழைத்தவர்களை விட இரண்டாவதில் கூட்டம் அதிகம், யதுகிரி முகத்தில் அத்தனை பூரிப்பு, விசேஷம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், இலை தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அங்கே தீர்ந்தால் எந்தக் கடையில் வாங்குவது, விரல்நகம் விரல்நகமாக வளர்ந்ததை... பேசாமல் ஒருத்தரும் வராதீர்கள் என்று சொல்லிவிடலாமா, நான் மட்டும் போவேன், நீங்கள் வராதீர்கள் என்று? என்ன நியாயம் அது, ஆடிட்டில் நானே அதற்கு அப்ஜெக்‌ஷன் போடுவேன். இவர்கள் யாரும் பார்க்காமலே இருந்தால் எதற்கு ஒரு கல்லும் கயிறும் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும், பார்த்ததால்தானே எனக்கே தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த ஞாபகம் வந்ததும் உள்ளுக்குள் ஒரு துள்ளல், அதையும் என்னால் அடக்க முடியவில்லை.

யதுகிரி தாம்பூலப் பையோடு வந்து என் கையில் திணிக்கிறாள். வெற்றிலை, தேங்காய், ஒரு டஜன் கண்ணாடி வளையல். பின்னாலேயே மேதாவின் மாமியார், அந்தப் பையன்கள், சாப்பிட்டு முடித்த வாசுதேவ் மாமா கூட, யாரோ அவர் காதில் கத்திச் சொல்லியிருக்கிறார்கள் போல, பொக்கை வாயில் சிரிப்பு.

"அப்போ எப்போ மன்னி, சங்கராந்தி லீவுல எல்லாருமா வந்துடட்டுமா?"

வாங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் வேறு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இவரும்தான், புருவத்தைக் கூட அசைக்காமல்.